மல்லாந்து படுக்க ஏலுமா?

மருந்தின் பெயரைச் சொன்னால் அதன் அளவை மூச்சு விடாமல் ஒப்புவிக்கிறீர்கள். திரையில் ஓடும் கோடுகளில் எது எதற்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறீர்கள். போன மாதம் உங்கள் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்கு வந்திருந்தபோது, மேசையில் கிடந்த நோயாளியைக் காட்டி, "இவர் வீட்டில் எப்படிப் படுப்பார்?" என்று கேட்டேன். மயக்க மருந்து பழகுகிற நீங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். ஓய்வு பெற்றதும் கிழவிக்குத் தலை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் கேள்வியை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெருமைப்படக்கூடிய இடத்தில் கற்கவில்லை.

மயக்க மருந்து கொடுக்கிறவர்களுக்கு மருந்தில் ஒரு கர்வம் உண்டு. எனக்கும் இருந்தது. அதன் மேல் முதல் அடி விழுந்தது நான் கற்றுக்குட்டியாக இருந்த காலத்தில். பிள்ளைப்பேற்றுச் சத்திரசிகிச்சைக்காக ஒரு தாய்க்கு முதுகில் ஊசி போட்டு, நேராக மல்லாத்திப் படுக்க வைத்துவிட்டு, மிகத் திருப்தியோடு நின்றுகொண்டிருந்தேன். இரண்டு நிமிடத்தில் அந்தப் பெண்ணின் உதடு சாம்பல் நிறமானது. "டொக்டர், எனக்கு என்னமோ செய்யுது" என்றார். இரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கியது. நான் மருந்துத் தட்டைப் பார்த்துத் திரும்பினேன். அந்த நேரத்தில், பிள்ளையை ஏந்துவதற்காக வந்து நின்ற மருத்துவமாது ஒருவர் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இது என்ன டொக்டர், புள்ளத்தாச்சிய இப்பிடியா மல்லாத்திப் போடுற?" என்றபடி, ஒரு போர்வையைச் சுருட்டி அந்தத் தாயின் வலது இடுப்புக்குக் கீழே திணித்து, வயிற்றை இடப்பக்கம் சாய்த்துவிட்டார். நான் ஊசியில் மருந்தை எடுத்து முடிப்பதற்குள் உதட்டில் நிறம் வந்துவிட்டது. பிள்ளையின் பாரம் முதுகெலும்புக்கு முன்னால் போகும் பெரிய நாளத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. பாரம் விலகியதும் இரத்தம் இதயத்துக்கு வந்தது. அவ்வளவுதான் நடந்தது. புத்தகத்தில் நான் அதைப் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருந்தேன்.

அன்றிலிருந்து, மனிதன் படுப்பது என்பது எனக்கு ஒரு சாதாரண காரியமாகத் தெரியவில்லை. யோசித்துப் பாருங்கள். நிற்கிறவன் படுத்ததும் காலில் கிடந்த இரத்தம் நெஞ்சுக்குத் திரும்புகிறது. வயிறு மேலே ஏறி நுரையீரலை ஒடுக்குகிறது. இதயம் தன் இடத்தில் சற்றே சரிகிறது. இத்தனையையும் உடம்பு ஒவ்வொரு நாளும் நமக்குச் சொல்லாமலே சமாளித்துக்கொள்கிறது. நாம் மருந்து கொடுக்கும்போது அந்தச் சமாளிப்பைத்தான் முதலில் பறிக்கிறோம். மிச்சம் இருப்பது பாரம் மட்டும். எது எதன் மேல் விழுகிறது என்பதுதான் அதன் பிறகு உயிருக்கும் சாவுக்கும் நடுவில் நிற்கிற கேள்வி. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

இனி இர்பானின் கதைக்கு வருகிறேன்.

அப்போது நான் எங்கள் வைத்தியசாலையில் மயக்க மருந்து நிபுணர். தலை நரைத்து, எல்லாம் பார்த்தாயிற்று என்ற நினைப்பு வந்துவிட்ட காலம். அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் புத்தளக் கரையில் வெள்ளிக்கிழமைத் தியேட்டர் எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால் பட்டியல் முடிய வேண்டும். ஊழியர்களில் பாதிப் பேர் கைகால் கழுவி வுழூ செய்துகொண்டு பள்ளிவாசலுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. ஆனாலும் எல்லோருடைய கண்ணும் மணிக்கூட்டில் இருக்கும். பட்டியலில் கடைசி ஆள் இர்பான்.

இருபத்தாறு வயது. குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயமும் மிளகாயும் பயிர் செய்கிறவர். கழுத்தின் அடியில், காறையெலும்புக்கு மேலே, எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி. இரண்டு மாதமாக இருமல். யாரோ இழுப்பு என்று சொல்லி, வாயில் அடிக்கிற பம்ப் கொடுத்திருந்தார்கள். அந்தக் கட்டியில் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் என்ன நோய் என்று தெரியும். கட்டியைச் சுற்றி மட்டும் மரத்துப்போகச் செய்து எடுக்கிற சின்ன வேலை. அதைத்தான் சத்திரசிகிச்சை நிபுணர் முந்தைய நாள் செய்து பார்த்தார். மேசையில் படுக்க வைத்தால் ஆள் இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறாராம். மூன்று தரம் எழுந்துவிட்டார்.

அந்த நிபுணர் யாழ்ப்பாணத்துக்காரர். கை சுத்தமான கை, பொறுமை மட்டும் கொஞ்சம் குறைவு. அவர் என்னிடம் வந்து சொன்னார்:

"அக்கா, ஆளுக்குச் சரியான பயம். கத்தியைக் கண்டாலே எழும்புறார். நீங்கள் ஒருக்கா நித்திரையாக்கி விடுங்கோ, பத்து நிமிசத்திலை எடுத்துப்போடுவன்."

நான் இர்பானைத் தியேட்டர் வாசலில் வைத்துத்தான் பார்த்தேன். தள்ளுகட்டிலில் படுக்காமல் அதன் விளிம்பில் குந்தியிருந்தார். முழங்காலில் முழங்கையை ஊன்றி முன்னால் சாய்ந்திருந்தார். முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. பக்கத்தில் மனைவி ஸில்மியா, கலியாணம் முடித்து எட்டு மாதம். வாட்டிலிருந்து வந்த தாதி, "ராவெல்லாம் கதிரையில இருந்து மேசையில தலையக் கவுத்துட்டுத்தான் தூங்கினார் டொக்டர், புழுக்கம் போல" என்று சொல்லிவிட்டுக் கொப்பியைத் தந்துவிட்டுப் போனார்.

"மகன், மல்லாந்து படுக்க ஏலுமா?" என்று கேட்டேன்.

"ஓம் டொக்டர், ஏலும்" என்றார் இர்பான், உடனே.

"நெஞ்சுப் படம் எடுத்தீங்களா?"

ஸில்மியா பதில் சொன்னார்: "எடுத்தோம் டொக்டர். வெளியில எடுத்த. படம் லொறியில இரிக்கி. இவர்ட நானா பாலாவிக்கு உப்பு ஏத்தப் போயிட்டாரு. படத்துல காசம் இல்ல எண்டுதான் சொன்னாங்க."

காசம் இல்லை. அந்த இரண்டு சொல்லை, நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று நான் எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டேன். எங்கள் எக்ஸ்ரே அறை அந்த வாசலில் இருந்து கூப்பிடு தூரம். போய் எடுத்து வர அரைமணி நேரம் ஆகியிருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை, மணி பதினொன்றரை.

"வேற ஏதும் வித்தியாசம் தெரியுதா மகள் இவர்ல?" என்று ஸில்மியாவிடம் கேட்டேன். கேட்டேன் என்பதை நினைத்துத்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது. கேட்காமல் விட்டிருந்தால் அசட்டை என்று சொல்லித் தப்பலாம்.

அந்தப் பிள்ளை கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னது: "வித்தியாசம் எண்டா... நல்ல வித்தியாசம்தான் டொக்டர். முந்தித் தொழுகையில அவ்வளவு கவனம் இல்ல. இப்ப சுஜூதுக்குப் போனா தலயத் தூக்குறதே இல்ல. தொழுது முடிஞ்ச பொறகும் போய் அப்பிடியே கிடப்பாரு. நடுச்சாமத்துல தஹஜ்ஜத்துத் தொழுகைக்கும் எழும்புறாரு. மகனுக்கு இப்பதான் ஈமான் வந்திரிக்கி எண்டு மாமி ஊரெல்லாம் சொல்லித் திரியுறாங்க."

"மாஷா அல்லாஹ்" என்றேன் நான்.

தம்பி தங்கச்சிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சுஜூது என்றால் என்னவென்று தெரியாத ஒரு டொக்டர் அங்கே நின்றிருந்தால், "அது என்ன? எப்படிக் கிடக்கிறார்?" என்று கேட்டிருப்பார். முழங்காலில் நின்று, நெற்றியை நிலத்தில் வைத்து, நெஞ்சு கீழே பார்க்கக் கவிழ்ந்து கிடக்கிறார் என்று அந்தப் பிள்ளை விளக்கியிருக்கும். கேட்ட டொக்டருக்குக் காதில் மணி அடித்திருக்கும். எனக்கு அடிக்கவில்லை. நானும் ஐந்து வேளை அதே நிலையில் நெற்றி வைக்கிறவள். தெரிந்த காரியம் என்பதால் அதை வணக்கமாக மட்டும் கேட்டேன். சத்திரசிகிச்சை நிபுணர் அதைப் பயம் என்று படித்தார், தாதி புழுக்கம் என்று படித்தார், மனைவியும் நானும் இறைபக்தி, ஈமான் என்று படித்தோம். உடம்பு ஒரே செய்தியை நாலு பேரிடம் போய்ச் சொன்னது. நாலு பேரும் அதை அவருடைய குணம் என்று எடுத்துக்கொண்டோம்.

உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். இருமினார். "இதோ முடிஞ்சிடும் மகன்" என்று சொல்லி மருந்தைக் கொடுத்தேன். கண் சொருகியது. தசைகளைத் தளர்த்துகிற மருந்தையும் கொடுத்து, தொண்டைக்குள் குழாயை விட்டேன். குழாய் வெண்ணெயில் கத்தி போல் போனது. பையை அமுக்கினேன்.

பை அமுங்கவில்லை.

சுவரை அமுக்குவது போல இருந்தது. நெஞ்சு அசையவில்லை. இழுப்புக்காரருக்கு நெஞ்சு இறுகிவிட்டது என்று நினைத்து அதற்குரிய மருந்தைக் கொடுத்தேன். குழாய் அடைத்திருக்குமோ என்று பார்த்தேன். சரியான இடத்தில்தான் இருந்தது, அடைப்பும் இல்லை. ஒட்சிசன் அளவைச் சொல்லும் கருவியின் சத்தம் படி இறங்குவது போல இறங்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்தை நீங்கள் இன்னும் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்காமலே ஓய்வு பெற வேண்டும் என்று துஆ செய்கிறேன்.

தியேட்டர் சிஸ்டர் என் எதிரில் நின்றார். சிலாபத்துச் சிங்களப் பெண்மணி. பல வருடம் எங்களோடு இருந்து எங்களைவிட நன்றாகப் புத்தளத் தமிழ் பேசுவார். அவர் இர்பானின் கழுத்தைக் காட்டி, "மேடம், இதப் பாருங்க" என்றார்.

கழுத்து நாளங்கள் விரல் தடிப்பில் புடைத்துக்கொண்டு நின்றன. முகம் நாவற்பழ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இரத்த அழுத்தம் பாதிக்குக் கீழே. மூச்சுக்குழாய் மட்டும் அடைபட்டிருந்தால் இரத்தம் ஏன் கழுத்தில் தேங்க வேண்டும்? ஏதோ ஒன்று, மூச்சையும் இரத்தத்தையும் சேர்த்து நசுக்குகிறது. அது நெஞ்சுக்குள்ளே இருக்கிறது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கழுத்தில் இருந்த எலுமிச்சங்காய் வெறும் அடையாளம். அதன் தாய் உள்ளே, மார்பெலும்புக்குப் பின்னால், மூச்சுக்குழாய்க்கும் இதயத்துக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது. விழித்திருக்கும்போது இர்பான் தன் மூச்சைத் தானே இழுத்தார். அந்த இழுவை குழாயைத் திறந்து வைத்திருந்தது. முன்னால் குனிந்து அந்தப் பாரத்தைத் தொங்க விட்டார். நான் அவரை மல்லாத்தி, தசைகளை அவிழ்த்து, அத்தனை பாரத்தையும் அவருடைய மூச்சின் மேல் இறக்கி வைத்திருக்கிறேன்.

சுஜூது. அந்தச் சொல் எனக்குள்ளே யாரோ சத்தமாகச் சொன்னது போலக் கேட்டது. இரண்டு மாதமாக இந்தப் பிள்ளைக்கு மூச்சு வந்த ஒரே நிலை அதுதான்.

"கவிழ்க்க வேணும். இப்பவே கவிழ்க்க வேணும்!" என்றேன்.

சத்திரசிகிச்சை நிபுணர் கையுறையோடு பாய்ந்து வந்தார். "அக்கா, உங்களுக்கென்ன விசரே? கவிட்டுப் போட்ட பிறகு இதயம் நிண்டால் நெஞ்சை எப்பிடி அமத்துறது?"

நியாயமான கேள்வி. ஒவ்வொரு புத்தகமும் அதைத்தான் கேட்கும். நான் சொன்னேன்: "இப்பிடியே கிடந்தா இன்னும் ரெண்டு நிமிசத்தில அதுதான் நடக்கப் போகுது. காலைப் பிடிங்க."

ஒரு வளர்ந்த மனிதனை, தொண்டையில் குழாயோடு, பாதுகாப்பாகக் கவிழ்க்க ஐந்து பேராவது வேண்டும். நாங்கள் மூன்று பேர். சிஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடினார். ஊழியர்கள் இரண்டு பேர் வுழூ செய்துவிட்டுத் தொப்பி போட்டுக்கொண்டு வெளிவாசலில் நின்றிருக்கிறார்கள். "ஜும்ஆ அப்பறம்! ஆள் போறாரு, வாங்க!" என்று அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. இருவரும் ஈரக்காலோடு ஓடி வந்தார்கள். ஒருவர் தோளுக்கு, ஒருவர் இடுப்புக்கு. தலையும் குழாயும் என் கையில்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு."

கவிழ்த்தோம். நெஞ்சுக்குக் கீழே ஒரு தலையணை, இடுப்புக்குக் கீழே ஒன்று. வயிறு தொங்கட்டும் என்று நடுவில் இடம் விட்டோம். தலையைப் பக்கவாட்டில் திருப்பினேன். கருவியின் சத்தம் அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருந்தது. பையைப் பிடித்தேன். அமுக்கினேன்.

பை அமுங்கியது.

மூடிக் கிடந்த கதவொன்று உள்ளிருந்து திறந்துகொண்டது மாதிரி, காற்று உள்ளே போனது. அந்த முதுகு உயர்ந்ததை நான் பார்த்தேன். மறுபடி அமுக்கினேன், மறுபடி உயர்ந்தது. கருவியின் சத்தம் ஒவ்வொரு படியாக மேலே ஏறி வந்தது. சிஸ்டர் குனிந்து பார்த்து, "கழுத்து இறங்குது மேடம்" என்றார். நாவற்பழ நிறம் காதிலிருந்து வடிந்து, மனித நிறம் வந்தது. நான் எந்தப் புது மருந்தும் கொடுக்கவில்லை. எந்தக் கருவியையும் மாற்றவில்லை. ஒரு மனிதனைப் புரட்டிப் போட்டோம், அவ்வளவுதான். சுப்ஹானல்லாஹ் என்று என் வாய் தானாகச் சொன்னது. அந்த இரண்டு ஊழியர்களும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது உண்மையான சோதனை வந்தது. மூச்சு திரும்பி எல்லோரும் நிம்மதியாக நிற்கிற நேரம்தான் எங்கள் தொழிலில் ஆபத்தான நேரம். சத்திரசிகிச்சை நிபுணர் மெதுவாகச் சொன்னார்:

"அக்கா, இப்ப ஆள் நல்லா இருக்கிறார்தானே? கொஞ்சம் சரிச்சு வைச்சால் அந்தத் துண்டை எடுத்துப்போடுவன். அது இல்லாமல் என்ன நோய் எண்டு அறிய ஏலாது. நோய் தெரியாமல் வைத்தியமும் இல்லை. இன்னொரு முறை ஆளை இங்கை ஏத்துற தைரியம் எங்கள் ஆருக்கு வரப்போகுது?"

அவர் சொன்னதில் ஒரு சொல் பிழை இல்லை. அதனால்தான் கஷ்டமாக இருந்தது. கையில் கிடைத்த சந்தர்ப்பத்தை விட்டால் இர்பானுக்கு அது நாட்கணக்கில் தாமதம். ஆனால் அவர் மூச்சு இப்போது ஒரே ஒரு நிலையில் தொங்கிக்கொண்டிருந்தது. சரித்தால் எது எங்கே விழும் என்று எனக்குத் தெரியாது. ஒரு தரம் தெரியாமல் செய்துவிட்டேன், இரண்டாம் தரம் தெரியாது என்று தெரிந்துகொண்டே செய்ய முடியாது.

"இல்ல. எழுப்பப் போறேன்" என்றேன்.

தளர்வு மருந்து குறுகிய நேரத்துக்குரியது. கவிழ்ந்த நிலையிலேயே இர்பானின் மூச்சு தானாக வரத் தொடங்கியது. இழுவை திரும்பியதும் மெல்லச் சரித்து, பிறகு எழுப்பி, ஒரு மேசையில் தலையணைகளை அடுக்கி அதன் மேல் முன்னால் சாய்ந்து இருக்க வைத்துக் குழாயை எடுத்தேன். கண்ணைத் திறந்து, "முடிஞ்சிதா டொக்டர்?" என்று கேட்டார்.

மாலையில் லொறி வந்தது. இர்பானின் அண்ணன் படத்தைக் கொண்டுவந்து தந்தார். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். நெஞ்சின் நடுவில், இதயத்துக்கு மேலே, ஒரு தேங்காய் அளவுக்கு வெள்ளையாக நின்றது. காசம் இல்லை என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் படத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான் பயம் எண்டு நினைச்சன் அக்கா" என்றார்.

திங்கட்கிழமை அந்தத் துண்டை எடுத்தோம். இர்பான் கதிரையில் இருந்து மேசைத் தலையணையில் சாய்ந்திருந்தார். கட்டியைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போட்டோம். நிபுணர் தரையில் முழங்காலிட்டு, தன் கழுத்தை வளைத்து, கீழே இருந்து மேலே பார்த்து வெட்டினார். இருபது நிமிடம் எடுத்தது. இர்பான் ஒரு தரம்கூட அசையவில்லை. பயந்தவர் என்று பெயர் வாங்கிய மனிதர் அவர்.

அதற்கு முன், வெள்ளிக்கிழமை மாலையே, நான் செய்ய வேண்டிய இன்னொரு வேலை இருந்தது. வாட்டுக்குப் போய் அவர் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தேன். பிழை என்னில் என்று சொன்னேன். படத்தைப் பார்க்காமல் தொடங்கியதையும், படுக்க ஏலுமா என்று வாயைக் கேட்டுவிட்டு நெஞ்சைக் கேட்காமல் விட்டதையும் சொன்னேன். உங்களில் சிலர் இதைச் செய்யப் பயப்படுகிறீர்கள். நானும் பயந்தேன். செய்தே ஆக வேண்டும்.

"ஏலும் எண்டு ஏன் மகன் சொன்னீங்க?"

"ஏலாது எண்டா திருப்பி அனுப்பிடுவீங்க எண்டு நினைச்சேன் டொக்டர்" என்றார். "நேத்தும் அப்பிடித்தானே அனுப்பின."

ஸில்மியாவுக்குச் சுஜூதின் விஷயத்தைச் சொன்னேன். கவிழ்ந்தால் அந்தக் கட்டி முன்னால் விழும், மூச்சுக்கு வழி கிடைக்கும், அதனால்தான் அவர் தலையைத் தூக்கவில்லை என்று விளக்கினேன். அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கு!

"அப்ப மூச்சுக்காகத்தான் கிடந்தாரா? மாமி ஊர் முழுக்கச் சொல்லிட்டாங்களே டொக்டர்!" சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவருக்கு.

இர்பான் தலையணையில் கன்னத்தை வைத்தபடியே சொன்னார்: "மூச்சுக்காகத்தான் போய்க் கிடந்தேன். அங்க கிடந்தாத்தான் வந்திச்சி. ஆனா கிடந்த நேரத்துல சும்மாவா கிடந்தேன்? கேட்டுக்கிட்டேதான் கிடந்தேன்."

இருதயமும் நுரையீரலும் எனக்குத் தெரிந்த பாடம் என்று நினைத்திருந்தேன். எனக்கு முன்னாலேயே, எந்தப் படமும் பார்க்காமல், ஒரு விவசாயியின் உடம்பு தன் நோய் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்தால் அது விலகும் என்று கண்டுபிடித்து, அதைத் தொழுகைக்குள்ளே ஒளித்து வைத்துப் பிழைத்திருக்கிறது. அன்று மாலை வீட்டுக்குப் போய் அஸர் தொழுதேன். நெற்றியை வைத்ததும் என் மூச்சு எப்படிப் போகிறது என்று கவனித்தேன். எத்தனை வருடமாகத் தொழுகிறேன், அதுதான் முதல் தடவை.

துண்டின் முடிவு வந்தது. புற்றுநோய்தான், ஆனால் மருந்துக்குக் கரையும் வகை. கொழும்புக்கு அனுப்பினோம். மருந்தும் கதிர்ச் சிகிச்சையும் மாதக்கணக்கில் நடந்தன. தலைமயிர் கொட்டியது, வெங்காயம் இரண்டு போகம் நானாவின் பொறுப்பில் போனது. கட்டி கரைந்தது என்று ஒரு நாள் ஸில்மியாவிடம் இருந்து போன் வந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், பட்டியலில் இர்பானின் பெயரை மறுபடி பார்த்தேன். வெங்காய மூட்டை தூக்கி, குடல் இறங்கி ஹேர்னியா ஆகிவிட்டது. புதிய ஸ்கான் படம் கையில் இருந்தது. நெஞ்சின் நடுவில் ஒன்றும் இல்லை. படத்தை நான் மூன்று தரம் பார்த்தேன். பிறகு ஸில்மியாவைத் தனியே கூப்பிட்டு, உங்களிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன்.

"வீட்டுல எப்பிடிப் படுக்கிறாரு மகள்?"

"மல்லாந்துதான் படுக்கிறாரு டொக்டர். நான்தான் எழும்பி எழும்பி மூக்குல கைய வெச்சிப் பாக்கிறேன். இப்பவும்" என்றார்.

உள்ளே கொண்டுபோனோம். சிஸ்டர் அன்று தன் முறை இல்லாமலே வந்து நின்றார். மருந்து எதுவும் கொடுக்கும் முன்னால் ஐந்து நிமிடம் மேசையில் மல்லாந்து கிடக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்ப்பது அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என் வழக்கம். இர்பான் ஒரு நொடி மேசை விளிம்பில் குந்தியிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு காலைத் தூக்கி வைத்து, முதுகைச் சாய்த்து, நேராகப் படுத்தார். இருமல் இல்லை. கழுத்து நாளம் தட்டையாகக் கிடந்தது. கருவி ஒரே சுரத்தில் அடித்தது.

மூன்றாவது நிமிடம் ஒரு சத்தம் கேட்டது. திரையைப் பார்த்தேன், எல்லாம் சரி. குனிந்து பார்த்தேன். இர்பான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். விடிய முன்னம் எழுந்து, வெறும் வயிற்றோடு பஸ்ஸில் வந்த களைப்பு. எங்கள் தொழிலில் குறட்டை நல்ல சங்கீதம் இல்லை, அதைக் கேட்டால் தாடையைப் பிடிக்க ஓடுவோம். நான் ஓடவில்லை. அந்த நெஞ்சு தன்பாட்டில், யாரும் அமுக்காமல், யாரும் திருப்பாமல், மேலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் முகமூடிக்கு மேலே கண்ணைத் துடைத்தார்.

சத்திரசிகிச்சை நிபுணர் கையைக் கழுவிவிட்டு, ஈரக் கைகளை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"என்ன அக்கா, மருந்து குடுத்திட்டியளோ?"

"இன்னும் இல்ல."

"அப்ப?"

"நித்திரை. தானாத்தான்."

அவர் மேசையைப் பார்த்தார். எதற்கும் பொறுக்காத அந்த மனிதர், கையைக் கீழே விடாமல், அசையாமல் நின்றார். முழங்கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் படுக்கட்டும் அக்கா" என்றார்.